ஃபுகுவோகா 2023: ஆஸ்திரேலிய நீச்சல் அணிக்கு ஐந்துக்கு நாலரை

ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த 2023 உலக நீர் விளையாட்டு சாம்பியன்ஷிப்பைக் காசு கட்டி மறு ஒளிபரப்பில் பார்த்தேன், கொடுத்த காசு வீண்போகவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு நீச்சலில் மட்டும் 13 தங்கம்! மாலி ஓ'கேலகனின் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்காகவே உட்காரலாம்: சில வாரங்களுக்கு முன் முழங்கால் சில்லு விலகியிருந்த 19 வயதுப் பெண், கடைசி 50 மீட்டரில் சக ஆஸ்திரேலிய வீராங்கனை டிட்மஸைத் தாண்டிப் போய் 1:52.85-இல் சுவரைத் தொட, 2009 முதல் அசையாமல் நின்ற இத்தாலியின் பெல்லெக்ரினியின் உலக சாதனை போயே போச்சு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் சாம் ஷார்ட், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெறும் 0.02 விநாடி வித்தியாசத்தில் தங்கம். பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்துவது) கெய்லி மெக்கியான் 50, 100, 200 மீட்டர் என மூன்று தூரத்தையும் அள்ளிவிட்டார்.

சரி, அரை மதிப்பெண் எதற்குக் குறைத்தேன்? இவ்வளவு பேர் இருந்தும் நால்வர் ஆளுக்கொரு பாணியில் நீந்தும் மெட்லி ரிலே மூன்றில் (ஆண்கள், பெண்கள், கலப்பு) ஒன்றில்கூடத் தங்கம் வரவில்லை, அது இன்னும் மனதை உறுத்துகிறது.