கோமாபேயோ: சிக்னல் இல்லாத காட்டில் எல்லை குறிக்க ஒரு செயலி

ஈக்வடாரின் பஸ்தாசா மாகாணத்து வவோரானி மக்கள், தங்கள் காட்டை எண்ணெய் எடுக்க ஏலம் விடுவதை எதிர்த்து 2019-இல் வழக்காடி வென்றார்கள். அரசு வரைபடத்தில் வெறும் எண்ணெய்த் தொகுதியாக இருந்த இடத்தில் வேட்டைத் தடம், மூலிகை, ஓடைப் பெயர் என்று அவர்களே குறித்துக் காட்டினார்கள். அப்போது பயன்பட்ட செயலி மாபேயோ. அதன் அடுத்த அவதாரம் கோமாபேயோ. இலவசம், திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும்.

மின்னஞ்சல், போன் எண் எதுவும் கேட்காது. ஒரு போனில் திட்டம் தொடங்கி, அதே வைஃபையில் இருக்கும் மற்ற போன்களை அழைத்துக்கொள்ள வேண்டும். அழைக்கும் உரிமை ஒருங்கிணைப்பாளருக்கு மட்டுமே; ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு பேரை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிடுங்கள். ஒரே ஆளாக இருந்து அவர் போன் தொலைந்தால், புதிதாக யாரையும் சேர்க்க முடியாது.

குறிப்பது எளிது. படச்சின்னத்தைத் தொட்டு வகையைத் தேர்ந்தெடுத்து, புகைப்படம் எடுத்துச் சேமித்தால் முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் ஒரே நாளில் பழகிக்கொள்ளலாம். ஆனால் அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். துல்லியம் 10 மீட்டருக்குள் வரும்வரை நின்று சேமியுங்கள். எல்லைத் தகராறில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது இதில்தான்.

பெரும்பாலோர் சறுக்குவது பரிமாற்றத்தில். நீங்களே தொலைச் சேமிப்பகம் அமைத்தாலொழிய எதுவும் வெளி சர்வருக்குப் போகாது. பதிவுகள் ஒரே வைஃபையில் போனிலிருந்து போனுக்குத்தான் நகரும். 'முன்னோட்டம் மட்டும்' என்று அமைத்திருந்தால் மற்ற போன்களுக்குச் சிறிய படமே போகும். நீதிமன்றத்தில் காட்டவேண்டிய முழுப்படம் எடுத்தவர் போனிலேயே தங்கிவிடும்; அந்தப் போன் ஆற்றில் விழுந்தால் ஆதாரமும் போச்சு. மலிவான ரௌட்டர் ஒன்றை பேட்டரியில் ஓட்டி, வாரம் ஒருமுறை எல்லாப் போன்களையும் கூட்டி முழுப் பரிமாற்றம் செய்யுங்கள். போன்கள் ஒன்றையொன்று காணவில்லையா? ரௌட்டரில் சாதனங்களைப் பிரித்துவைக்கும் அமைப்பு 'ஆன்' ஆகியிருக்கும், அல்லது இணையம் இல்லை என்று போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும்.

செயலியைப் பூட்ட வைத்த கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை. செயலியை நீக்கி மறுபடி நிறுவவேண்டும்; பரிமாறாதது அழிந்துவிடும். சோதனைச்சாவடியில் போனைப் பிடுங்கிப் பார்க்கும் ஊர்களில் இந்தக் கெடுபிடி தேவைதான்.

இன்னொன்று: அடுத்த போனுக்குப் போன பதிவைத் திரும்ப வாங்க முடியாது. கோயில், இடுகாடு, அரிய மூலிகை போன்றவற்றுக்குத் தனித் திட்டம் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை, போனில் புள்ளியும் நடந்த தடமும் பதியலாமே தவிர எல்லைப் பரப்பை வரைய முடியாது. பதிவுகளை ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பாக ஏற்றுமதி செய்து, க்யூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைய, கணினி தெரிந்த ஒருவர் குழுவில் வேண்டும். அந்த ஆளைத் தேடிப் பிடித்த பிறகு காட்டுக்குள் இறங்குங்கள்.