வியன்னாவில் ஜூலை மாநாடு: அறையை எங்கே எடுப்பது?

கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிற மாணவர்களுக்கு வியன்னா பழகிப்போன பெயர். 2024 ஜூலையில் இயந்திரக் கற்றலுக்கான ஐசிஎம்எல் மாநாடு அங்கே மெஸ்ஸே வீன் அரங்கில் நடந்தது. 2025 ஜூலைக் கடைசியில், கணினி மொழியியலுக்கான ஏசிஎல் மாநாடு, ஐ.நா. அலுவலகக் கோபுரங்களை ஒட்டியிருக்கும் ஆஸ்திரியா சென்டரில். இந்த இரண்டாவது அரங்குக்குப் போகிறவர்கள் அறை தேடும்போது நான்கு வழிகளில் ஒன்றில் வந்து நிற்பார்கள்: அரங்குக்குப் பக்கத்திலேயே ஓட்டல், பழைய நகரத்தின் நடுவில் ஓட்டல், இரண்டுக்கும் நடுவே இருக்கும் ப்ராட்டர்ஷ்டெர்ன் ரயில் நிலையத்தின் பக்கம், அல்லது கோடையில் வாடகைக்கு விடும் மாணவர் விடுதி. கையில் ஓரளவு பணம் இருந்தால் ப்ராட்டர்ஷ்டெர்ன் என்பதுதான் என் கட்சி. பணம் இறுக்கம் என்றால் விடுதி. மற்ற இரண்டுக்கும் தனிக் காரணம் வேண்டும்.

முதலில் வெயில். சென்னையில் வளர்ந்தவனுக்கு ஐரோப்பிய வெயில் ஒரு வெயிலா என்று சிரிக்காதீர்கள். வியன்னாவில் ஜூலையில் 35 டிகிரியைத் தொடும் நாள்கள் வரும். நம் வீட்டில் ஃபேனாவது சுற்றும். அங்கே பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏசியும் கிடையாது, ஃபேனும் கிடையாது. பொழுது சாய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். கூரையை ஒட்டிய மேல்மாடி அறை என்றால் நள்ளிரவிலும் சுவர் சூடாகவே இருக்கும். அதனால் அறை தேடும்போது விலைக்கு முன்னால் ஏசி இருக்கிறதா என்று பாருங்கள்.

அரங்குக்குப் பக்கத்து ஓட்டல்களின் பலம் இதுதான். அந்தப் பகுதியே புதிதாக எழுந்தது, அதனால் ஏசி கிடைப்பது சுலபம். மதியம் அறைக்கு வந்து அரை மணி நேரம் படுத்துவிட்டு, ஆய்வுகளைச் சுவரொட்டியாக வைத்து விளக்கும் போஸ்டர் அமர்வுக்குத் திரும்பலாம். ஆனால் மாநாடு நடக்கிற வாரத்தில் வாடகை எகிறும். அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த பகுதி என்பதால் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், மாநாட்டை நடத்துகிற குழுவில் இருப்பவர்கள் இங்கே தங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு: பழைய டான்யூப் நீர்ப்பரப்பும், 21 கிலோமீட்டர் நீளச் செயற்கைத் தீவான டோனாவ்இன்செலும் கூப்பிடு தூரத்தில். தீவில் குளிக்கக் கட்டணம் இல்லை. மாலை அமர்வு முடிந்ததும் மடிக்கணினிப் பையோடு கூட்டமே அங்கே போய் இறங்கும். எங்கே தங்கினாலும் நீச்சல் உடை ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நகரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க அரங்குக்குள் இருக்கப்போகிறவருக்கு ஜன்னல் வழியே தேவாலயக் கோபுரம் எதற்கு? ஏசி இல்லாத அறையில் ஜன்னலைத் திறந்தால் கீழே சுற்றுலாக் கூட்டத்தின் சத்தம், மூடினால் புழுக்கம். பழைய நகரத்தின் நடுவிலுள்ள ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் நிலையத்திலிருந்து யு1 மெட்ரோவில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் அரங்கு. ஊர் பார்க்க மாலையில் அதே ரயிலில் வந்துவிட்டுப் போகலாமே.

ப்ராட்டர்ஷ்டெர்ன் அதே யு1 பாதையில், அரங்குக்கு மூன்று நிறுத்தம் முன்னால். பழைய நகரம் எதிர்த்திசையில் மூன்று நிறுத்தம். ப்ராட்டர் பூங்கா நடக்கிற தூரம். யு2 மெட்ரோ பாதையும் இங்கே வருவதால் மெஸ்ஸே வீன் மாநாட்டுக்கும் இதே இடம் பொருந்தும். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். நிலையத்தைச் சுற்றி இரவில் கொஞ்சம் ஆரவாரம் இருக்கும், இரண்டு தெரு தள்ளி அறை எடுத்தால் போதும்.

இங்கே இன்னொரு விஷயம், கடை. வியன்னாவில் சூப்பர் மார்க்கெட்டுகள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். மாநாடுகளோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடும். சனி இரவு வந்து இறங்குகிற சைவக்காரர் பாடு திண்டாட்டம். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் ஞாயிறும் திறந்திருக்கும். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர்தான் அந்த ஊர்க் குழாயில் வருகிறது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்பலாம்.

மாணவர் விடுதிகள் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வெளியாருக்கும் அறை கொடுக்கின்றன. ஓட்டலை விட மலிவு, சில இடங்களில் சமையலறையும் உண்டு. அரிசி, பருப்பு, ஊறுகாயோடு ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். குறை என்று பார்த்தால் ஏசிதான், அநேகமாக இருக்காது. கீழ்த்தளமோ, வடக்கு பார்த்த ஜன்னலோ கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். யு1 பாதையிலிருந்து தள்ளியிருக்கும் விடுதி என்றால் எத்தனை முறை வண்டி மாற வேண்டும் என்றும் பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து வர, பச்சை நிற ‘கேட்’ (CAT) விரைவு ரயிலின் விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும். 16 நிமிடத்தில் நகருக்குள் இருக்கும் வீன் மிட்டே நிலையத்தில் இறக்கிவிடும், ஆனால் தனிக் கட்டணம், அதுவும் சாதாரண ரயிலை விட மிக அதிகம். ரயில்ஜெட் என்ற தொலைதூர ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஹவுப்ட்பான்ஹோஃப் என்கிற மத்திய ரயில் நிலையம்; அங்கிருந்து மாறாமல் யு1. பெட்டியோடு இறங்குகிறவருக்கு இதுதான் வசதி. எஸ்7 புறநகர் ரயில் நேராக ப்ராட்டர்ஷ்டெர்னுக்கே வரும் என்றாலும் நகரத்தின் நடுவே போகும் அந்தத் தடத்தில் பெரிய புதுப்பிப்பு வேலை நடக்கிறது. கிளம்பும் முன் ரயில்வே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய முன்பதிவாக எடுங்கள். ஆஸ்திரியா போக வேண்டிய ஷெங்கன் விசா தாமதமாகலாம், அதனால்தான். அதற்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிய வேண்டியது சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். நான்கு பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட் எடுக்கலாம் என்று யாராவது கிளப்பினால், பில் யார் பெயரில் வரும் என்று முதலில் கேளுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் வந்தால், திரும்பிய பிறகு மற்ற மூன்று பேரும், பயணச் செலவைத் திருப்பித் தரும் தங்கள் நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.