கல்வனைஸ் என்று காசு வாங்கிவிட்டு வெள்ளிப் பெயின்ற் அடிக்கிறார்கள்: கரையோரத்தில் வீடு கட்டுபவர்கள் கவனிக்கவும்

வடமராட்சிக் கரையோரத்தில் கேற், யன்னல் கிறில் செய்யக் கொடுக்க இருப்பவர்கள் முற்பணம் கொடுக்குமுன் இதை வாசியுங்கள். உருகிய நாகம் (சிங்க்) என்ற உலோகத்தில் தோய்த்த கல்வனைஸ் என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய ஒரு பட்டறை, வெறும் இரும்பின்மேல் வெள்ளிப் பெயின்ற் அடித்துக் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறது.

எங்கள் வீடு பருத்தித்துறையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பழைய கேற்றைக் கறள் தின்றுவிட்டதால்தான் புதிதாகச் செய்யக் கொடுத்தோம். பெயின்ற் வேண்டாம், தோய்த்த கல்வனைஸ்தான் வேண்டும், அதற்கு எவ்வளவு கூடினாலும் தருகிறேன் என்று முதல் நாளே சொன்னேன். "கொழும்புக்கு அனுப்பித் தோய்ப்பித்து எடுத்துத் தருகிறோம் அக்கா, இருபது வருடத்துக்குக் கறள் என்ற பேச்சே இல்லை" என்றார் உரிமையாளர். பற்றுச்சீட்டில் கொழும்புக்குப் போய்வந்த லொறிக் கூலியைக்கூடத் தனியாகப் போட்டிருந்தார்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசிய மாதங்களில் கேற் பளபளவென்றுதான் நின்றது. வாடை என்ற வடகீழ்க் காற்று தொடங்கிக் கடற்காற்று நேரே முகத்தில் அடித்ததும் சாயம் வெளுத்தது. ஒட்டு (வெல்டிங்) போட்ட இடமெல்லாம் செம்மண் நிறத்தில் நீர் வடிந்தது. தை பிறக்குமுன் கீழ்ச்சட்டத்தில் பெயின்ற் கொப்பளித்து, நகத்தால் தட்டினாலே தகடாக உரிந்தது. உள்ளே நாகத்தின் சுவடே இல்லை. சிவந்த இரும்பு மட்டுந்தான்.

வல்வெட்டித்துறையிலிருந்து வந்து பார்த்த வயதான ஒட்டுத் தொழிலாளி ஒருவர் கேற்றைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "இதில் துளை எங்கே பிள்ளை?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே முழுப் பொய்யும் அம்பலமாகிவிட்டது. தோய்ப்பதென்றால் ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிக் கிடக்கும் நாகத்துக்குள் முழுக் கேற்றையும் இறக்க வேண்டும். இரு முனையும் அடைத்து ஒட்டிய பொக்ஸ் பாரை (உள்ளே வெற்றான சதுரக் குழாயை) அப்படி இறக்கினால், உள்ளே அகப்பட்ட காற்றும் ஈரமும் விரிந்து குழாயே வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு வெற்றுக் குழாயிலும் காற்றுப் போகவும் நாகம் வடியவும் துளை இருந்தே ஆக வேண்டும். எங்கள் கேற்றில் ஊசி நுழையக்கூட இடமில்லை. அது கொழும்புக்குப் போகவே இல்லை. போகாத லொறிக்கும் நாங்கள் கூலி கொடுத்திருக்கிறோம்.

வெள்ளியாகத் தெரிவதெல்லாம் நாகமல்ல என்பதை எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை விரித்து எழுதுகிறேன். நாகம் இரும்பை மூடுவதோடு நின்றுவிடுவதில்லை. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்பாகத் தானே அரிபட்டு அதைக் காக்கிறது. அலுமினியப் பெயின்ற் வெறும் திரைதான். ஓரிடத்தில் கிழிந்தால் உப்புநீர் அதன் அடியால் பரவிவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் நம் கரையோர இரும்பு காய்வதில்லை.

உண்மையாகவே நாகம் பூசியதிலும் வேறுபாடு உண்டு. மின்முலாமாக ஏற்றும் நாகம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்கிரோன் தடிப்புத்தான் (ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உள்வீட்டுக்குப் போதும், கடற்கரைக்குப் போதாது. தோய்த்த வேலைக்கு ஐ.எஸ்.ஓ. 1461 தரத்தின்படி, 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயில் சராசரியாக 55 மைக்கிரோனாவது இருக்க வேண்டும். ஏற்கெனவே நாகம் பூசிய குழாயை வாங்கி வெட்டி ஒட்டினால், ஒட்டுச் சூட்டில் அந்த இடத்து நாகம் எரிந்துபோகும். அங்கே நாகத்தூள் செறிந்த பெயின்ற் பூசாவிட்டால் கறள் அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் என்றால் 316 ஆம் தரம் கேளுங்கள். 304 நம் காற்றில் பழுப்புப் புள்ளி போடும், காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். தோய்த்த இடத்தின் பற்றுச்சீட்டைக் காட்டச் சொன்னேன். "கடற்கரைக் காற்றுக்கு அப்படித்தான் அக்கா, நாங்கள் என்ன செய்வது?" என்று பதில் வந்தது. கடற்கரைக் காற்று என்பதால்தானே கூடுதல் காசு வாங்கினீர்கள் தம்பி என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மீண்டும் பெயின்ற் அடித்துத் தருகிறாராம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம்தான்; 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். சோளகத்தில் பூட்டிய கேற் வாடையில்தான் கறள் காட்டுகிறது. அதற்குள் அந்தக் காலம் கடந்துவிடுகிறது. இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

கனடாவிலும் பிரான்சிலும் இருந்துகொண்டு ஊர்வீட்டைத் திருத்தும் உறவுகள் வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். படத்தில் பெயின்றும் நாகமும் ஒன்றாகவே தெரியும். துளைகளைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "கல்வனைஸ்" என்ற ஒற்றைச் சொல்லோடு பற்றுச்சீட்டு வாங்காதீர்கள்; உருகிய நாகத்தில் தோய்த்தது, இத்தனை மைக்கிரோன், தோய்த்த இடம் இது என்று எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தை, கேற் பூட்டப்படாமல் நிலத்தில் கிடக்கும்போதே நம்பிக்கையான ஒருவர் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.