பழைய புல்லட் வைத்திருப்போர் கவனத்திற்கு: புது ரிம் லாக் என்று என்னிடம் பணம் வாங்கிய கதை

என் தந்தையார் 1986-இல் வாங்கிய புல்லட் 350 இன்றும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற ஆடி மாதம் அதன் பின்சக்கரத்துக்குப் புது டயரும் ட்யூபும் போடுவதற்காகச் சென்னையில் ஒரு பணிமனையில் விட்டேன். பழைய வண்டிகளில் கைதேர்ந்தவர்கள் என்று பலரும் சொன்ன இடம். மாலையில் எடுக்கப் போனபோது, ரிம் லாக் இரண்டும் துருப்பிடித்துக் கிடந்ததால் புதிதாக மாற்றியிருப்பதாகச் சொல்லி, பில்லில் அதற்குத் தனியாகப் பணம் எழுதியிருந்தார்கள். ரிம்முக்கு வெளியே இரண்டு புது நட்டுகள் பளபளத்தன. அவற்றைப் பார்த்த திருப்தியில், வேறு எதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரிம் லாக்கைச் சிலர் செக்யூரிட்டி போல்ட் என்பார்கள். ரப்பர் பூசிய, வளைந்த உலோகப் பாதம் ஒன்று ட்யூபுக்கும் டயருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதன் போல்ட் ரிம்மின் துளை வழியாக வெளியே வரும். நட்டை முறுக்கினால் பாதம் டயரின் இரு விளிம்புகளையும் ரிம்மோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காற்று குறைவாக இருக்கும்போது, எஞ்சினின் இழுவையாலும் பிரேக்கின் பிடியாலும் டயர் ரிம்மின் மீது நழுவத் தொடங்கும். டயரோடு ட்யூபும் நகரும். வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டிருப்பதால் அடியோடு கிழிந்து, காற்று முழுவதும் ஒரே நேரத்தில் போய்விடும். அந்த நழுவலைத் தடுப்பதுதான் இதன் வேலை.

மூன்று வாரம் கழித்து, என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டேன். திண்டிவனம் தாண்டி, செஞ்சிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வண்டியின் பின்பகுதி திடீரென்று இரு பக்கமும் அலைபாய்ந்தது. அறுபதில்கூடப் போகவில்லை என்பதாலும், பின்னால் லாரி எதுவும் வராததாலும் விழாமல் ஓரம் கட்ட முடிந்தது. அங்கிருந்து பஞ்சர் கடை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.

கடைக்காரப் பெரியவர் டயரைப் பிரித்ததும், உள்ளேயிருந்து எடுத்ததை என் உள்ளங்கையில் வைத்தார். "சார், இது ரிம் லாக்கே இல்லை. சாதா போல்ட்டைப் போட்டு முடுக்கியிருக்காங்க" என்றார். பாதமும் இல்லை, ரப்பரும் இல்லை. அறுகோணத் தலையுள்ள வெறும் போல்ட். ட்யூபின் அடிப்பக்கத்தில் அதே அறுகோணம் அச்சுக் குத்தியது போலப் பதிந்திருந்தது. அதன் ஒரு மூலையில் அரை விரல் நீளத்துக்குக் கிழிசல். ரிம்மில் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் நாடாவும் அந்த இடத்தில் நைந்து போயிருந்தது. இன்னொரு துளையிலும் அதே கதைதான்.

திரும்பி வந்து பணிமனையில் கேட்டபோது, "ரோட்டுல ஓடுற வண்டிக்கு ரிம் லாக் தேவையே இல்லை சார், ஓட்டையை மூடத்தான் போல்ட் போட்டோம்" என்றார்கள். பழைய ரிம் லாக்குகள் காயலான் கடைக்குப் போய்விட்டனவாம். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு ரிம் லாக்குக்கு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், ட்யூபுக்குப் பொறுப்பேற்கவில்லை.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் எனக்குக் கோபம் கூடுகிறது. சேற்றிலும் கல்லிலும் குறைந்த காற்றில் ஓடும் வண்டிக்கு ரிம் லாக் கட்டாயம்; தார்ச்சாலையில் மட்டும், காற்றைச் சரியாக வைத்து ஓட்டுபவர் அதைக் கழற்றிவிடலாம் என்று அனுபவசாலிகள் பலர் கருதுகிறார்கள். பஞ்சர் ஒட்டுவதும் அதனால் எளிதாகும். ஆனால் அது வண்டிக்காரர் அறிந்து எடுக்க வேண்டிய முடிவு. கழற்றுவதென்றால் இரண்டையும் கழற்றி, துளைகளை உள்பக்கம் துருத்தாத ரப்பர் மூடியால் அடைத்து, நல்ல ரப்பர் நாடா சுற்றி, சக்கரத்தின் எடைச் சமநிலையை மறுபடி பார்த்துத் தர வேண்டும். கழற்றிவிட்டு, கழற்றவில்லை என்று காட்டுவதற்காக வெளியே நட்டை மின்ன விடுவதும், அதற்குப் புதுச் சாமான் விலை வாங்குவதும் மோசடி. உள்ளே ட்யூபை அறுக்கும் போல்ட்டை வைத்து, இரண்டு பேரை நெடுஞ்சாலையில் அனுப்பியதை நான் அதைவிடப் பெரிய குற்றமாகக் கருதுகிறேன்.

நான் ரிம் லாக்கை வைத்துக்கொள்வதென்றே முடிவு செய்தேன். என் ரிம் பழையது. டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு அரித்திருக்கிறது. பெரும்பாலும் இருவராகப் பயணம் செய்கிறோம். ஓடும்போது காற்று இறங்கினாலும் டயர் ரிம்மிலிருந்து எளிதில் பிதுங்காமல் அது ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் டயர் மாற்றக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். டயர் மூடுவதற்கு முன் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பாதத்துக்கு அடியில் ட்யூப் சிக்கியிருக்கக் கூடாது. காற்றடித்து டயர் ரிம்மில் சமமாக உட்கார்ந்த பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். வால்வின் அடி நட்டை ரிம்மோடு சேர்த்து முடுக்க விடாமல் மேலே, மூடியை ஒட்டி ஏற்றிவிடச் சொல்லுங்கள். டயர் நழுவினால் வால்வு சாய்வது அப்போதுதான் கண்ணில் படும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இரண்டு ரிம் லாக் வாங்கி, வேறொரு மெக்கானிக்கிடம் உடனிருந்து மாட்டினேன். அன்று டயரிலிருந்து ரிம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன். வாரந்தோறும் காற்றுப் பார்க்கும்போது அதையும் பார்த்து, மங்கினால் அதே இடத்தில் தீட்டிக்கொள்கிறேன். இரண்டு மாதமாகியும் கோடு விலகவில்லை; வால்வும் நேராகவே நிற்கிறது.