பதின்மூன்று வருசமாக என்னிடம் இருக்கும் ஃபியட் 500

1970ஆம் ஆண்டு ஃபியட் 500 எல். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் 2012இல் வாங்கினேன். விற்றவர் பக்கத்து ஊரான தெர்மினி இமெரேசேயில் ஃபியட் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர். முந்தின வருசக் கடைசியில்தான் அதை மூடியிருந்தார்கள்.

சாவியைத் தரமுதல் என்னைப் பக்கத்தில் இருத்தி கியர் மாற்றப் பழக்கினார். கியர்ச் சில்லுகளின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் இதில் கிடையாது. கியரைக் குறைக்க வேண்டுமென்றால் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, அக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, திரும்பவும் கிளச்சை மிதித்துத்தான் போடவேண்டும். இங்கே அதைத் 'தொப்பியெத்தா' என்பார்கள். எனக்குக் கைவர மூன்று மாதம் பிடித்தது.

ஸ்கூட்டரில் குடும்பத்தை ஏற்றித் திரிந்த மக்களையும் காருக்குள் இருத்த வேண்டும் என்று ஃபியட் எஞ்சினியர் தாந்தே ஜக்கோசா வடிவமைத்தது இது. 1957 யூலை 4இல் தூரினில் வெளிவந்தது. நீளம் 3 மீற்றருக்குள். பின்பக்கம் இரண்டு சிலிண்டர் எஞ்சின், 479 சிசி, 13 குதிரைவலு. பின்னால் மெத்தை வைத்த இருக்கைகூட இல்லாததால் முதலில் சனம் தயங்கியது. சில மாதங்களிலேயே திருத்தினார்கள். தொடக்கத்தில் துணிக்கூரை பின்னுக்கு எஞ்சின் மூடி வரைக்கும் திறக்கும். தகடும் மிச்சம், உள்ளே முழங்கும் சத்தமும் வெளியேறும். என்னுடையதில் முன்னிருக்கைக்கு மேலே மட்டும்தான் திறக்கலாம். என்றாலும் வேகமாக ஓடும்போது திறந்துவிட்டால் காதுக்கு நிம்மதி.

எல் வகை 1968இல் வந்த சொகுசுப் பதிப்பு. சொகுசு என்றால் தரைவிரிப்பு, சாயும் இருக்கை, பெற்றோல் அளவுகாட்டி. சாதாரண எஃப் வகையில் பெற்றோல் முடியப்போகும்போது எரியும் விளக்கு மட்டும்தான்.

என்னுடையது 499 சிசி, 18 குதிரைவலு. ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா றொசாலியா கோயிலுக்கு இதிலேதான் போவோம். பலெர்மோவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனம் நடந்து ஏறும் அதே மலையில் இதுவும் இரண்டாம் கியரில் ஏறும். காற்றால் குளிரும் எஞ்சின், ரேடியேற்றரே இல்லை. ஆகஸ்ட் வெயிலிலும் தண்ணீர் கொதித்து வழியில் நின்ற கதை கிடையாது. லீற்றருக்கு 18, 20 கிலோமீற்றர் தருகிறது. நாலு சில்லுக்கும் டிரம் பிரேக், அதனால் முன்கூட்டியே மிதிக்க வேண்டும். சாவியால் ஸ்டார்ட் ஆகாது. இருக்கைகளுக்கு நடுவே உள்ள சிறு நெம்புகோலைத் தூக்க வேண்டும். 2017இல் அதன் கேபிள் பல்லரோ சந்தைக்குள் அறுந்தது. மரக்கறிக்காரர் இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள், போதும். எடையே 500 கிலோ சொச்சம்தான்.

வாங்க நினைப்பவர்கள் காலடித் தகட்டை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கடற்காற்றில் கறள் அங்கேதான் பிடிக்கும். நான் இரண்டு தரம் ஒட்டுப்போட்டுவிட்டேன்.

கடைசி 500 பிறந்தது தெர்மினி இமெரேசேயில்தான், 1975 ஆகஸ்ட் 4இல். போன வருசம் அந்தப் பெரியவரை ஏற்றிக்கொண்டு கடலோரப் பழைய வீதியால் அங்கே போனேன். பூட்டிய வாசலில் நிறுத்தச் சொன்னார். எஞ்சினை நிற்பாட்டக் கை வைத்தேன். "வேண்டாம், ஓடட்டும்" என்றார்.