42, 21, 11: எச்.பி. 11சி கால்குலேட்டரோடு ஒரு நீண்ட பழக்கம்

சென்ற மாதம் என் எச்.பி. 11சி கால்குலேட்டர் காந்திபுரத்தில் ஒரு கடையிலிருந்து பழுது நீங்கித் திரும்பி வந்தது. வந்தபோது அதன் நினைவில் ஒன்றுமே இல்லை. அதே வாரத்தில், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நூல் கொள்முதல் பார்க்கும் என் அக்கா மகன் அழைத்து, "மாமா, உங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒண்ணு நெட்ல வெலைக்கு வந்திருக்குதுங்க, வாங்கிப் போடலாமுங்களா?" என்று கேட்டார். விற்பவர் சொல்லும் விலைக்கு நல்ல கைப்பேசி ஒன்றே வாங்கிவிடலாம். தொலைபேசியில் ஒரே சொல்லில் முடித்திருக்க வேண்டிய பதில், மனம் ஆறாததால் இவ்வளவு நீண்டுவிட்டது.

11சி என்ன செய்யும் என்பது அதைத் தேடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். 1981 முதல் 1989 வரை தயாரிக்கப்பட்டது, அகலவாக்கில் அமைந்தது, மூன்று பட்டன் செல்களில் ஓடுவது, சமக்குறி விசை இல்லாதது. என்னுடையதன் பின்புற வரிசை எண் 2418ஏ என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கங்களோடு 60-ஐக் கூட்டினால் ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம், எழுத்து நாடு என்பது அந்தக் காலத்து எச்.பி. வழக்கம், ஆகவே இது 1984-இன் 18-ஆம் வாரத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையில் நான் வேலை பார்த்த நூற்பாலையின் முதலாளி மகன் அங்கிருந்து கொண்டுவந்து, சமக்குறி எங்கே என்று இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு, எங்கள் தரக்கட்டுப்பாட்டு அறைக்குத் தள்ளிவிட்டார். இரண்டு எண்களை முதலில் தந்துவிட்டுக் கூட்டலைப் பிறகு சொல்லும் அந்த முறை எனக்கு ஒரே ஷிப்டில் பழகிவிட்டது. மற்றவர்களுக்குப் பழகவே இல்லை. அதனால் அறையில் இருந்த மற்ற கால்குலேட்டர்கள் எல்லாம் ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் இரவல் போய்க் காணாமற்போனபோதும் இது மட்டும் என் மேசையிலேயே கிடந்தது. ஆலை மூடப்பட்டபோது, "உங்களத் தவிர யாருக்கு இது ஆகுமுங்க" என்று என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

அறையில் அதற்கு இருந்த வேலை எளியது, ஆனால் ஓயாதது. 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுதான் நூலின் நம்பர். நூலை அளந்து சுற்றும் ராப் ரீலில் நாங்கள் சுற்றி எடுப்பது ஒரு லீ, அதாவது 120 கஜம், சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. பவுண்டுக்கு 453.6 கிராம் என்பதால், அதை ஏழால் வகுத்து வரும் 64.8-ஐ லீயின் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் கிடைத்துவிடும். லீ 1.62 கிராம் இருந்தால் நூல் சரியாக 40-ஆம் நம்பர். ஒரு நாளைக்கு எத்தனையோ லீக்களை நிறுத்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் பார்த்து, கடைசியில் சராசரியும் திட்ட விலக்கமும் எடுத்து, நூல் நூற்கும் ரிங் பிரேம் வாரியாகச் சி.வி., அதாவது விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்று, எழுத வேண்டும். இதற்காக நான் பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். எடையைத் தட்டி இடது மேல் மூலையில் உள்ள ஏ விசையை அழுத்தினால், நம்பர் ஒரு கணம் தோன்றி நிற்கும். பிறகு அது தானாகவே புள்ளிவிவரக் கணக்கில் சேர்ந்து, இதுவரை எத்தனை லீ ஆயிற்று என்ற எண்ணிக்கை திரையில் வரும். எடையைத் தவறாகத் தட்டிவிட்டால், கடைசியாகச் சேர்ந்த எண்ணைத் திரும்ப அழைத்து, சேர்த்ததைக் கழிக்கும் சிக்மா மைனஸை அழுத்தினால் போதும். முப்பத்தேழாவது லீயில் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே எத்தனையோ இரவு ஷிப்டுகளில் அதை மனதார வாழ்த்தியிருக்கிறேன்.

இனி, இத்தனை ஆண்டுகளாக என்னைப் படுத்தும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எழுதிய புரோகிராமைத் திரும்பப் படிக்கப் போனால், இந்த இயந்திரம் விசையின் பெயரைக் காட்டாது, விசை இருக்கும் இடத்தைக் காட்டும். சினிமாக் கொட்டகை டிக்கெட்டில் வரிசையும் இருக்கையும் போட்டிருப்பதுபோல, முதல் இலக்கம் மேலிருந்து எத்தனையாவது வரிசை, இரண்டாம் இலக்கம் இடமிருந்து எத்தனையாவது விசை. என் புரோகிராமின் முதல் வரி 42, 21, 11. நான்காம் வரிசையின் இரண்டாம் விசை பொன்னிற எஃப், விசைகளுக்கு மேல் பொன்னிறத்தில் எழுதியிருப்பதை இயக்குவது. இரண்டாம் வரிசையின் முதல் விசைக்கு மேல் பொன்னிறத்தில் இருப்பது லேபிள். முதல் வரிசையின் முதல் விசை ஏ. ஆக, 'ஏ என்ற பெயரில் இங்கே தொடங்கு' என்று பொருள். பத்தாவது விசைக்கு இரண்டாம் இலக்கம் பூஜ்யமாகிவிடும் என்பதால் வகுத்தல் 10. இதுவரைகூடப் பரவாயில்லை, ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆனால் எண் விசைகளுக்கு மட்டும் இந்த விதி கிடையாது; 8 என்ற விசை முதல் வரிசையில் எட்டாவதாக இருந்தாலும் அது 18 என்று வராது, வெறும் 8 என்றே வரும். தசமப் புள்ளியோ எண் அல்ல என்று கருதப்பட்டு, நான்காம் வரிசை எட்டாம் விசை என்ற கணக்கில் 48 ஆகிவிடுகிறது.

இப்போது 64.8 என்ற எண்ணை இந்த மொழியில் எழுதிப் பாருங்கள்: 6, 4, 48, 8.

இளம் வயதில் இதில் எனக்கு ஒரு செருக்கே இருந்தது. நாட்குறிப்பில் புரோகிராமை விளக்கமின்றி வெறும் எண்களாக, அதுவும் காற்புள்ளி இல்லாமல் நெருக்கி எழுதி வைத்தேன். மேஸ்திரி ஒருவர் அதைப் பார்த்து லாட்டரி நம்பரா என்று கேட்டார். 1974-இல் வந்த எச்.பி. 65-இல் புரோகிராமைக் காந்த அட்டையில் பதிந்து எடுத்து வைக்க வழி இருந்தது. 11சியில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் நினைவு, அதை விட்டால் காகிதம். செல் தீரும்போது திரையின் இடது கீழ் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி மின்னும். அப்போதே செல்களை விரைந்து மாற்றினால் நினைவு அழியாது. நல்ல செல்கள் பல ஆண்டுகள் வரும் என்பதால், அந்த நட்சத்திரத்தை நான் பார்த்ததே சில முறைதான்.

இந்த முறை பார்த்தும் பார்க்காததுபோல இரண்டு மாதம் இருந்துவிட்டேன். தெருவோரக் கடையில் வாங்கிப் போட்ட மலிவான செல்கள் கசிந்து, தொடுதகடுகளில் பச்சை பூத்துவிட்டது. கண்ணும் கையும் முன்போல இல்லாததால் நானே துடைக்கத் துணியாமல் கடையில் கொடுத்தேன். "பார்ட்ஸெல்லாம் வராதுங்க, கிளீன் பண்ணிப் பாக்குறேன், ஆனா அது ஒங்க அதிர்ஷ்டமுங்க" என்று சொல்லி வாங்கி வைத்தவர், மூன்றாம் நாள் புதுச் செல் போட்டு உயிரோடு கொடுத்தார். இயக்கியதும் திரையில் வந்தது 'பி.ஆர். எரர்'. நினைவுக்கு வந்த மின்சாரம் அறுந்துபோனது என்பதற்கு அந்த இயந்திரத்தின் சொல் இது. ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் 0.0000 என்று, நேற்றுத்தான் பிறந்ததுபோல நிற்கும். கசிந்த செல்லை வெளியே எடுக்காமல் யாராலும் துடைக்க முடியாது. கடைக்காரர் மீது ஒரு குற்றமும் இல்லை. இருந்தும், பேருந்தில் வீடு வரும்வரை அவர் மீதுதான் கோபமாக இருந்தது.

நாட்குறிப்பு கிடைத்தது. ஒரு மணி நேரம் வரிசையையும் விசையையும் எண்ணி எண்ணிப் பத்து வரிகளைத் தட்டி முடித்தேன். 1.62 கொடுத்து ஏ விசையை அழுத்தினால் வந்தது 1.2728. யூசர் என்ற நிலையை இயக்காவிட்டால் அந்த விசை வெறும் வர்க்கமூலம் என்பது மறந்துபோயிருந்தது. நினைவு அழிந்தபோது அந்த நிலையும் அணைந்துவிட்டது. அதை இயக்கிவிட்டு மறுபடி அழுத்தினேன். 39,807.4074 என்று ஒரு கணம் மின்னி மறைந்தது. நாற்பதாயிரத்துக்குச் சற்றே குறைந்த நம்பரில் நூல் நூற்கும் ஆலை உலகத்தில் எங்கும் இல்லை. இரவு உணவுக்குப் பிறகுதான் விளங்கியது: நெருக்கி எழுதிய 64488-ஐ நான் ஐந்து எண் விசைகளாகவே படித்துத் தட்டியிருக்கிறேன், நடுவில் இருந்த 48 புள்ளி. அதனால் 64.8-க்குப் பதிலாக அறுபத்து நாலாயிரத்துச் சொச்சத்தை எடையால் வகுத்திருக்கிறது. திருத்தியதும் 40.0000 வந்தது. அதைப் பார்த்தபோது, ராப் ரீல் நின்றதும் அடிக்கும் மணியோசையே காதில் கேட்டதுபோல் இருந்தது.

நியாயமாகச் சொன்னால், இதில் இயந்திரத்தின் தவறு என்று ஒன்றைக்கூட என்னால் சுட்ட முடியவில்லை. பத்து இலக்கமே காட்டக்கூடிய திரையில் விசைகளின் பெயரை எப்படி எழுதுவது? வரிசையும் இடமுமாகச் சொன்னதுதான் புத்திசாலித்தனம். விசைகள் இன்றும் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சிறு படி இறங்குவதுபோல் அழுந்துகின்றன. எழுத்து ஒன்றும் தேயவில்லை. பஞ்சுத் தூசியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பொருள் இது. எண்களைச் சேமிக்கும் நினைவகங்கள் எல்லாம் கையில் இருக்கும்போது புரோகிராமுக்கு 63 வரிகள், அதற்கு மேல் ஒரு நினைவகத்தை விட்டுக்கொடுத்தால் ஏழு வரிகள், இப்படியே 203 வரை போகலாம் என்ற ஏற்பாடு, சம்பளத்துக்குள் குடும்பம் நடத்துகிறவர்களின் சிந்தனை. இதைப் பற்றி ஒரு குறை சொல்லும்போதே நாக்கு கூசுகிறது.

ஆனாலும் மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். படத்தில் பளபளப்பாக இருக்கும் இயந்திரத்தின் செல் மூடிக்குள் என்ன பூத்திருக்கிறது என்று வாங்கும்வரை தெரியாது. இயக்கு விசையோடு பெருக்கல் விசையைச் சேர்த்துப் பிடித்து விடுவித்தால் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு எல்லா இலக்கமும் 8 ஆக நிற்க வேண்டும். அந்தப் படத்தை அனுப்பச் சொன்னதற்கு விற்பவரிடமிருந்து பதிலே இல்லை. அந்த வடிவம்தான் வேண்டும் என்றால், இதன் அண்ணன் 15சி 2023-இல் மறுபடி வந்திருக்கிறது. லீயின் நம்பர் பார்க்கத்தான் என்றால் கைப்பேசியிலேயே 11சியைப் போல நடிக்கும் செயலிகள் இருக்கின்றன, இறக்கிக்கொள்ளச் சொன்னேன். "அப்போ அந்தப் புரோகிராமை மட்டும் அனுப்பிவிடுங்க மாமா" என்றார். நாட்குறிப்புப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தபோது அவரிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. 39,807.4074. கீழே, "இது எந்த மில்லு நூலுங்க மாமா?" என்று கேட்டிருந்தார்.