காரைத் தூக்குவதா, இறக்குவதா? சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கட்சி. மேட்டில் ஏறினால் அடிவயிறு உரசும் என் பழைய செடானைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. தன் ஹேட்ச்பேக்கை இரண்டு விரல் அளவு இறக்கிவிட வேண்டும் என்பது அல்சூரில் இருக்கும் என் மச்சானின் கட்சி. போன மாதம் ஒரு சனிக்கிழமை, கார் பாகக் கடைகள் இருக்கும் பெங்களூரு ஜேசி ரோட்டில் இரண்டுக்கும் சேர்த்தே விலை விசாரித்துவிட்டுத் திரும்பும்போது அவன் கேட்டான்: "மாமா, நீங்கள் தூக்கினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், நான் இறக்கினால் மட்டும் போலீஸ் பிடிக்கும், அதுதானே சட்டம்?"

அது சட்டமே இல்லை, நம் கண் பழக்கம். தாழ்ந்த கார் என்றால் ஊதாரிப் பையன், உயர்ந்த கார் என்றால் குடும்பஸ்தன் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவில் இத்தனை மில்லிமீட்டர் வரை தூக்கலாம், இத்தனை வரை இறக்கலாம் என்று ஒரு கணக்கும் கிடையாது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது, அவ்வளவுதான். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'மாற்றம் ஒன்றுக்கு' என்பதைக் கவனியுங்கள், ஸ்பிரிங் தனி, டயர் தனி என்று எண்ண ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜேசி ரோட்டுக் கடைக்காரரிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: "ஆர்சியில் கிரவுண்ட் கிளியரன்ஸே போடவில்லையே சார், அப்புறம் எப்படி மாறுபடும்?" முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆர்சியில் வீல்பேஸ், எடை, சிசி, இருக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கும், தரை இடைவெளி இருக்காது. ஆனால் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது, நாம் வாங்கும் மாடல் அந்த வடிவத்தில்தான் சோதனையாகி ஒப்புதல் பெற்று வந்திருக்கிறது. இந்த வாதத்தை நம்பி ஒரு மேசைக்கு எதிரே உட்கார நான் தயாராக இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியை விற்கும்போது அரசாங்கம் இதே தரை இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில்தான் அளந்தது. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி என்றால் 2025 செப்டம்பர் வரை ஜிஎஸ்டிக்கு மேல் அதிக செஸ் (கூடுதல் வரி) இருந்தது. அந்த 170-ஐ ஆளும் சுமையும் இல்லாமல்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் விளக்கமே கொடுத்தது. வரிக்கு அளவுகோல் இருந்தது, நமக்கு இல்லை. ஜெர்மனியில் என்றால் ஒப்புதல் பத்திரத்தோடு ஸ்பிரிங் வாங்கி, தேவைப்பட்டால் பொறியாளரிடம் காட்டி வண்டிப் பத்திரத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இங்கே சிஎன்ஜி கிட்டுக்கு அப்படி ஒரு பாதை உண்டு, சஸ்பென்ஷனுக்கு ஆர்டிஓ வாசலில் அப்படி ஒரு பழகிய பாதை இல்லை.

சரி, சட்டத்தில் இரண்டும் ஒரே தட்டு. சாலையில்?

மச்சானின் திட்டம் தாழ்த்தும் ஸ்பிரிங். நல்ல கம்பெனி ஸ்பிரிங் என்றால் நீளம் குறையும்போதே கடினமும் கூட்டியிருப்பார்கள், வளைவில் வண்டி சாயாமல் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் சக்கரம் மேலே ஏறி இறங்க இருந்த இடத்தில் 30 மி.மீ. போய்விட்டால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ரப்பர் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். பெங்களூரில் அது ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை வெட்டிவிடலாம் என்று ஒருவர் மலிவாக யோசனை சொன்னார், அதை இங்கே ஒப்பிடக்கூட மாட்டேன். சக்கரம் கீழே முழுக்கத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டே நகர்ந்துவிடலாம்.

என் பக்கம் வந்தால், தூக்குவதற்கு ஸ்பேசர், காயில் பஃபர் என்று இரண்டு வழி, கடையில் இரண்டையும் ஒன்றுபோலப் பேசுகிறார்கள். ஸ்பேசர் என்பது ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலைக்கு மேலே வைக்கும் தடிமனான வில்லை. வண்டி நிஜமாகவே உயரும். கூடவே சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், அலைன்மென்ட் மாறும், ஈர்ப்பு மையம் மேலே போகும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அவர் உங்களைத் திட்டுவது உங்கள் காதில் விழாது. பஃபர் வேறு ஜாதி. ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம் அது. காலி வண்டியில் பெரிதாக உயராது, ஆள் ஏறும்போது அமுங்குவதைத்தான் தடுக்கும். கழற்றி எடுத்தால் பழைய வண்டி திரும்பக் கிடைக்கும், ஆனால் அது இருக்கும்வரை அந்த ஸ்பிரிங் தயாரிப்பாளர் போட்ட ஸ்பிரிங் இல்லை, காலியாகப் போகும்போது முதுகு அதைச் சொல்லும்.

டயரைப் பெரிதாக்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 185/65 ஆர்15-இலிருந்து 195/65 ஆர்15-க்கு மாறினால் டயரின் விட்டம் 13 மி.மீ. கூடும், வண்டி உயர்வது அதில் பாதி, ஆறரை மி.மீ. ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது நிஜத்தில் நூற்றிரண்டு போவீர்கள். உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு என்றால் தாராளமாகப் போடலாம், அதைத் தாண்டினால் தலைவலி.

உரசல் எங்கே நடக்கிறது என்று குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். என் வண்டியின் வீல்பேஸ் 2.6 மீட்டருக்குள்தான், ஆகவே அந்த அகலத்தில் சக்கரமும் வயிறும் சேர்ந்தே ஏறி இறங்கும், உரச வழியில்லை. எங்கள் தெருவில் இருப்பதோ யாரோ ராத்திரியில் கொட்டி வைத்த ஒல்லியான மேடு. முன்சக்கரம் அதைத் தாண்டிவிட்டது, பின்சக்கரம் இன்னும் வரவில்லை, நடுவயிறு நேராக அதன் மேலே. இதற்கு 20 மி.மீ. தூக்கினாலும் ஐந்து பேர் உட்கார்ந்தால் அதில் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

இன்ஷூரன்ஸையும் சேர்த்துப் பாருங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தோடு விபத்து நடந்தால் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியே உங்கள் பணத்தைக் குறைக்கவோ இழுத்தடிக்கவோ போதுமானது. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும், என் கார் அந்த வயதை நெருங்குகிறது. சைலன்சரைப் போல ஸ்பேசர் சத்தம் போடாது, அதனால் தெருவில் மாட்டாமலே பல வருடம் ஓடலாம். மாட்டும் இடம் இந்த இரண்டும்தான்.

கடைசியில் நான் எதையும் தூக்கவில்லை. வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் நாலு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தார். பின்னால் இடது பக்கம் வலதைவிட 11 மி.மீ. தாழ்ந்திருந்தது. பதினாலு வருட ஸ்பிரிங் சோர்ந்து போயிருக்கிறது. அதே மாடலின் கம்பெனி ஸ்பிரிங்கை, பழைய பாகக் குறியீட்டிலேயே, நான்கையும் புதிதாகப் போட்டு, ஷாக் அப்சார்பரும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தார். ஸ்பேசரைவிடச் செலவு பல மடங்கு, ஆனால் யார் வந்து அளந்தாலும் இது தயாரிப்பாளர் சொன்ன உயரம். மச்சானுக்கும் இதையே சொல்லி, ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ஷாக்கையும் டயரையும் மட்டும் மாற்றிப் பார் என்றேன். "அதில் லுக் எங்கே மாமா இருக்கிறது" என்று கேட்டான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது அபார்ட்மென்ட் கீழ்த்தளச் சரிவில் உரசவில்லை. தெருமுனை மேட்டில் ஐந்து பேரோடு போனால் இன்னமும் உரசுகிறது, அங்கே மட்டும் பின்சீட்டுக்காரர்களை இறங்கி நடக்கச் சொல்லிவிடுகிறேன்.